கத்தி முதலில் எங்கே படவேண்டும்?

நெஞ்சைத் திறந்த பிறகு நினைத்துப் பார்க்க நேரம் ஏது?

பிஞ்சுக் குழந்தையின் மார்பு திறந்து கிடக்கிறது. இதயத்தின் வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கடிகாரம் நகர்கிறது. அந்த நேரத்திலே டாக்டர், "நான் எண்ணிய இடத்தில் துளை இல்லையே!" என்று திகைத்தால் என்ன ஆகும்? திகைக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தக் குழந்தையின் கணக்கில் பற்று எழுதப்படும்!

அதனால்தான், எண்ணிப் பார்த்துவிட்டுக் கத்தியை எடு என்று சொல்லிக் கொடுத்தார்கள். சரி, எதைப் பார்த்து எண்ணுவது? படத்தைப் பார்த்து. படமோ தட்டை, உடலோ திரண்டு உருண்டது. வீட்டின் வரைபடத்தைப் பார்த்துவிட்டதாலேயே அந்த வீட்டின் இருட்டறையில் ஒருவன் இடறாமல் நடந்துவிட முடியுமா?

2014ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள். அமெரிக்காவிலே கெண்டக்கி மாநிலம், லூயிவில் நகரம். அங்கே கோசேர் குழந்தைகள் மருத்துவமனை. 14 மாதக் குழந்தை ஒன்று. அதன் இதயத்திலே பிறவிக் குறைகள் நான்கு! எர்ல் ஆஸ்டின் என்ற அறுவை டாக்டர் படங்களைப் பார்க்கிறார், பாதை தெளிவாகவில்லை. மற்ற வல்லுநர்களின் கருத்தைக் கேட்கிறார். ஒருவர் ஒரு வழி சொல்கிறார். மற்றொருவர் வேறு வழி சொல்கிறார். கற்றவர்களே கருத்து மாறுபடுகிறார்கள், காத்துக்கிடக்கிறது குழந்தை!

படங்கள் அந்நகரப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பள்ளிக்குப் போயின. அங்கே இருந்த இயந்திரம் ஒன்று சுமார் 20 மணி நேரம் ஓடிற்று. மூன்று துண்டுகளாக ஓர் இதயம் வெளியே வந்தது! வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக்கால் ஆன இதயம். அந்தக் குழந்தையின் இதயம் எப்படியோ அப்படியே. அதே குறைகள், அதே கோணல்கள், அதே துளைகள். செலவு சுமார் 600 டாலர். டாக்டர் அதைக் கையிலே எடுத்தார், பிரித்தார், உள்ளே பார்த்தார், எங்கே வெட்டுவது, எங்கே தைப்பது என்று திட்டமிட்டார். பிறகுதான் குழந்தையிடம் சென்றார். ஒரே அறுவையில் வேலை முடிந்தது. சில நாட்களில் குழந்தை வீடு திரும்பிற்று.

தோழர்களே! அந்தப் பிளாஸ்டிக் இதயம் துடிக்கவில்லை. ஆனால் துடிக்கின்ற இதயம் ஒன்று தொடர்ந்து துடிக்க அது துணை நின்றது. முப்பரிமாண அச்சு என்று இதற்குப் பெயர்.

மந்திரமா? மாயமா? இல்லை. மனித அறிவு படிப்படியாக ஏறிய கதை. முதற்படி 1895. ஜெர்மனியிலே ரோண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். தம் மனைவியின் கையைப் படம் பிடித்தார். சதைக்குள் மறைந்திருந்த எலும்பு தெரிந்தது. விரலில் கிடந்த மோதிரமும் தெரிந்தது. உலகமே வியந்தது. ஆனாலும் அது நிழல்தான். முன்னிருப்பதும் பின்னிருப்பதும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடக்கும் நிழல்!

இரண்டாம் படி 1971. இசைத்தட்டு விற்றுப் பேர் வாங்கிய இ.எம்.ஐ. நிறுவனத்திலே காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளர் இருந்தார். பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். "ஒரே பக்கத்திலிருந்து ஏன் பார்க்கவேண்டும்? சுற்றிச் சுற்றிப் பார்த்து, கணிப்பொறியைக் கூட்டச் சொன்னால் என்ன?" என்று எண்ணினார். அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள், இலண்டனில் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், முதல் நோயாளியின் மூளை ஏடு ஏடாகத் தெரிந்தது. அதுதான் இன்று ஊரெங்கும் பேசப்படும் சி.டி. ஸ்கேன். பட்டம் இல்லாத அந்தப் பொறியாளரை 1979இல் நோபல் பரிசு தேடி வந்தது; கணக்கு வழியை முன்பே கண்டுசொன்ன ஆலன் கார்மாக்கும் உடன் பெற்றார்.

மூன்றாம் படி அச்சு. ஜப்பானின் நகோயா நகரில் ஹிடியோ கோடாமா என்பவர் 1980இல் வழி கண்டார். ஒளி பட்டால் கெட்டியாகும் குழம்பை அடுக்கடுக்காக உறையவைத்து உருவம் எடுக்கும் வழி. காப்புரிமைக்கு மனுவும் போட்டார்; அடுத்த கட்டத்தை முடிக்காததால் உரிமை கைக்கு வரவில்லை. அமெரிக்கரான சார்லஸ் ஹல் 1984இல் மனுப் போட்டார். 1986இல் உரிமை பெற்றார். அவ்வாண்டிலேயே கம்பெனியும் தொடங்கினார். கண்டவர் பலர் இருக்கலாம். பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தானே உலகம் அறிகிறது!

இம்மூன்றும் இணைந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஸ்கேன், உடலை ரொட்டித் துண்டுகளைப் போல நூற்றுக்கணக்கான ஏடுகளாக்கிக் காட்டுகிறது. கணிப்பொறியின் முன்னால் ஒருவர் உட்காருகிறார். ஏடு ஏடாகப் பார்த்து, இது எலும்பு, இது இரத்தக் குழாய், இது கட்டி என்று எல்லை குறிக்கிறார். குறித்ததைக் கணிப்பொறி ஒன்றுசேர்த்து உருவமாக்குகிறது. அந்த உருவத்தை அச்சு இயந்திரம் பெற்று, கொத்தனார் செங்கல்லை வரிசை மேல் வரிசை வைத்துச் சுவரெழுப்புவதுபோல, தலைமுடிப் பருமன் அளவே உள்ள அடுக்கின்மேல் அடுக்காக வைத்து எழுப்புகிறது. காகிதத்தில் மையை வைப்பது பழைய அச்சு; வெளியில் வடிவத்தை வைப்பது இந்த அச்சு!

"அருமைதான், ஆனால் இதற்கென்ன இவ்வளவு ஆர்ப்பாட்டம்? நேற்றுவரை இது இல்லாமலே டாக்டர்கள் அறுவை செய்யவில்லையா?" என்று கேட்பவர் உண்டு. கேட்கட்டும். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்று. நேற்றுவரை டாக்டரின் கை எங்கே பழகிற்று? யார் உடலில் பழகிற்று?

பழைய ஏடுகளைப் புரட்டுவோம். சுசுருத சம்ஹிதை என்ற பண்டை மருத்துவ நூலிலே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. மாணவன் மனித உடலைத் தொடுமுன் பூசணியிலும் சுரைக்காயிலும் வெள்ளரியிலும் கீறிப் பழகவேண்டும். துணியிலும் தோலிலும் தைத்துப் பழகவேண்டும். துணிப் பொம்மையிலே கட்டுப் போட்டுப் பழகவேண்டும் என்று அது சொல்கிறது. சொன்னவர் யாராயினும் அறிவுள்ள சொல், ஏற்கத்தான் வேண்டும். முதற்பிழை காய்மேல் விழட்டும், மனிதன்மேல் விழவேண்டாம் என்ற கருணை அதிலே இருக்கிறது.

ஆனால், பூசணிக்குள்ளே இதயம் இல்லை. சுரைக்காய்க்குள்ளே நரம்பு இல்லை. உள்ளே இருப்பதை அறிய மனித உடல் தேவைப்பட்டது. தேவை வந்ததும் யாருடைய உடலைத் தேடினார்கள்? மாளிகைவாசியின் உடலையா? சீமானின் உடலையா? ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்குப் போய்ப் பாருங்கள். 1828. பர்க், ஹேர் என்ற இருவர். உடற்கூறு கற்பித்த டாக்டர் ஒருவர் பிணத்துக்கு விலை தருகிறார் என்றறிந்து, 16 பேரைக் கொன்று விற்றனர்! செத்தவர்கள் யார்? கேட்பாரற்றவர்கள், தங்க இடமில்லாதவர்கள், தேடிவர ஆளில்லாதவர்கள். பர்க் 1829 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டான்.

பிறகு 1832இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. கொலை ஒழியட்டும் என்று செய்த சட்டம். அது காட்டிய வழி என்ன? ஏழை விடுதியிலும் மருத்துவமனையிலும் இறந்து, உரிமை கோர ஆளில்லாமல் கிடக்கும் உடல்களை மருத்துவப் பள்ளிகள் எடுத்துக்கொள்ளலாம்! அதுவரை கொலைகாரனின் பிணத்துக்கு விதிக்கப்பட்டிருந்த தண்டனை, அன்று முதல் ஏழையின் பிணத்துக்கு விதியாயிற்று. வறுமை குற்றமாயிற்று, கத்தி தீர்ப்பாயிற்று!

உயிரோடிருந்தவர்கள் மட்டும் தப்பினார்களா? அமெரிக்காவின் அலபாமா மாநிலம், மாண்ட்கோமரி நகரம். 1845 முதல் 1849 வரை மேரியன் சிம்ஸ் என்ற டாக்டர் புதியதோர் அறுவை முறையைப் பழகினார். பிரசவத்திலே ஏற்படும் கொடும் புண்ணை மூடும் முறை. யாரிடம் பழகினார்? அடிமைப் பெண்களிடம்! மயக்க மருந்து கொடுக்காமல்! அனார்க்கா, பெட்ஸி, லூசி என்ற மூவர் பெயர்கள் தெரிகின்றன. அனார்க்கா என்ற அந்தப் பெண்ணுக்கு மட்டும் சுமார் 30 அறுவைகள்! முறை வெற்றி பெற்றது; டாக்டருக்குச் சிலை எழுந்தது. நியூயார்க் சென்ட்ரல் பூங்காவை ஒட்டி நின்ற அந்தச் சிலையை 2018இல்தான் அகற்றினார்கள். சிலை இறங்க எத்தனை காலம் பிடித்தது, கணக்கிட்டுப் பாருங்கள்.

எல்லா டாக்டரும் இப்படி என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அநியாயம். இரவு பகல் பாராமல் உயிர் காப்பவர்கள் அவர்கள். நான் சொல்வது கல்விமுறையைப் பற்றி. 'ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்பி' என்பது அறுவைக் கூடங்களிலே நெடுங்காலம் வழங்கிய வாசகம். பார்த்தது ஒன்று, அடுத்ததே செய்வது! அந்த 'ஒன்றைச் செய்' என்ற இடத்திலே மேசைமேல் படுத்திருப்பது யார்? பணம் கொட்டிக் கொடுத்துத் தனியறையில் படுப்பவர், "பேராசிரியரே நேரில் வரட்டும்" என்பார், பேராசிரியர் வருவார். பொது வார்டிலே படுப்பவர், "யார் செய்தாலும் சரி, பிழைத்தால் போதும்" என்பார். பழகும் கை எந்தப் பக்கம் போகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இந்தப் பழைய கணக்கைத் திருத்த வந்த கருவிதான் அச்செடுத்த இதயமும் அச்செடுத்த எலும்பும். அதனால்தான் ஆர்ப்பாட்டம்! கருவியின் அழகுக்காக அல்ல, அது காட்டும் நீதிக்காக.

எலும்பிலேதான் இது தொடங்கிற்று. ஸ்கேனிலே எலும்பு பளிச்சென்று தெரியும்; பிரித்தெடுப்பது எளிது. 1990களில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலே பால் டர்சோவும் குழுவினரும் மண்டையோடு, முகம் சார்ந்த அறுவைகளுக்கு இந்த மாதிரிகளைச் செய்து சோதித்தார்கள். 45 நோயாளிகளிடம் செய்த ஆய்வை 1999இல் வெளியிட்டார்கள். மாதிரியைக் கையில் வைத்துத் திட்டமிட்டபோது அறுவை நேரம் சராசரியாக 17 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. படத்தை மட்டும் பார்த்து அளந்ததைவிட அளவுப் பிழையும் பெரிதும் குறைந்தது. இன்னொன்றும் சொன்னார்கள். நோயாளியிடம் விளக்கிச் சம்மதம் பெறவும் மாதிரி உதவிற்று!

இந்தக் கடைசி வரியைக் கடந்து போய்விடாதீர்கள். அறுவைக்கு முன்னால் ஒரு காகிதம் நீட்டுகிறார்கள். நுணுக்க எழுத்து, புரியாத மொழி. "இங்கே கையெழுத்துப் போடம்மா" என்கிறார்கள். போடுகிறாள் தாய், அல்லது பெருவிரலை அழுத்துகிறாள். தன் பிள்ளைக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியுமா? அதே தாயின் கையிலே அவள் பிள்ளையின் எலும்பு மாதிரியைக் கொடுத்து, "பாரம்மா, இங்கே வளைந்திருக்கிறது, இங்கே வெட்டி இப்படி நிமிர்த்தப் போகிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். எழுத்தறியாதவளும் கேள்வி கேட்பாள்! அன்றைக்குத்தான் அவள் வைக்கும் கைநாட்டு சம்மதம் ஆகும்.

தாடை எலும்பின் கதையைக் கேளுங்கள். வாய்ப் புற்றுநோய் இந்திய ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று. புகையிலை தரும் பரிசு. நோய் தாடையை அரித்துவிட்டால் எலும்பை வெட்டி எடுக்கவேண்டும். எடுத்த இடத்திலே, காலிலிருந்து மெல்லிய எலும்பை இரத்தக் குழாயோடு எடுத்து வைத்து, புதிய தாடை அமைப்பார்கள். அதைத் தாங்கிப் பிடிக்க உலோகத் தகடு வேண்டும். நோயாளி மயக்கத்தில் கிடக்க, தகட்டை வளைத்துப் பார்ப்பது, பொருந்தாமல் மீண்டும் வளைப்பது என்றால் நேரம் நேரமாகப் போகும். தாடையின் மாதிரி முன்கூட்டியே கையில் இருந்தால்? முதல் நாளே மேசைமேல் வைத்துத் தகட்டை வளைத்து வைத்துக்கொள்ளலாம். எலும்பை எந்தக் கோணத்தில் அறுப்பது என்று காட்டும் அச்சுகளைக்கூட ஆயத்தம் செய்யலாம். பொற்கொல்லர் கையளவு பார்த்து வளையல் செய்கிறார். மனிதனின் முகத்துக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா?

இலண்டன் நகரிலே 2015 நவம்பரில் நடந்தது இன்னும் நுட்பமானது. சிறு குழந்தை. சிறுநீரகம் வேலை செய்யவில்லை. தந்தை தன் சிறுநீரகத்தைத் தர முன்வந்தார். வளர்ந்த ஆணின் சிறுநீரகம். குழந்தையின் வயிறோ கையகலம்! உள்ளே அடங்குமா? அடங்கினாலும் அதற்கு இரத்தம் கொடுக்கும் குழாயை எங்கே இணைப்பது? கைஸ் அண்டு செயின்ட் தாமஸ் மருத்துவமனை டாக்டர்கள், தந்தையின் சிறுநீரகத்தையும் குழந்தையின் வயிற்றையும் தனித்தனியே அச்செடுத்தார்கள். அதை இதிலே வைத்துப் பார்த்தார்கள். ஒத்திகை முடிந்த பிறகு, கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் மாற்று அறுவை நடந்தது, வெற்றியும் கண்டது. தந்தை தந்த உறுப்பு மகளின் உடலுக்குள் செல்லுமுன், மகளின் வயிற்று மாதிரிக்குள் சென்று வந்திருக்கிறது!

ஒத்திகை என்றேன். நமக்கு அது புதிய சொல்லா? நாடகம் போடுகிறோம். மேடையிலே வசனம் மறந்தால் உயிரா போய்விடும்? நாலு பேர் சிரிப்பார்கள், அவ்வளவுதான். அதற்கே நாள்கணக்கில் ஒத்திகை பார்க்கிறோம். திரை எங்கே தூக்குவது, விளக்கு எங்கே விழுவது என்று வாதாடுகிறோம். உயிரைக் கையில் பிடித்திருக்கும் மேடைக்கு மட்டும் ஒத்திகை வேண்டாமா?

கனடாவின் டொராண்டோ நகரக் குழந்தைகள் மருத்துவமனையிலே ஷி-ஜூன் யூ என்ற படவியல் டாக்டரும் நண்பர்களும் இதையே பள்ளியாக்கிவிட்டார்கள். பிறவிக் குறையுள்ள இதயங்களை நோயாளிகளின் ஸ்கேனிலிருந்து அச்செடுத்து, இளம் டாக்டர்களின் முன்னே வைத்தார்கள். ஆளுக்கொரு இதயம்! எல்லாம் ஒரே குறையுள்ள இதயம்! வெட்டு, ஒட்டு, தை என்றார்கள். மூத்தவர் அருகில் நின்று திருத்துகிறார். பிறவி இதயக் குறைகளிலே சில மிக அரிதானவை. பயிற்சிக் காலம் முழுவதும் ஒருமுறை கூட ஒரு டாக்டர் அதைக் காணாமல் போகலாம். முன்பெல்லாம் கண்ணாடிச் சாடியிலே ஊறிக்கிடக்கும் பழைய இதயத்தைப் பார்த்துப் படித்தார்கள். தொடலாம், அறுக்க முடியாது. அறுத்தால் அடுத்த மாணவனுக்கு ஏது? அச்செடுத்த இதயம் கெட்டால் இன்னொன்று அச்செடுக்கலாம். கெடுத்துக் கற்கலாம்; கெடுத்தவன் யாருக்கும் கண்ணீர்க் கடன் படவேண்டியதில்லை!

தலையோடு தலை ஒட்டிப் பிறந்த குழந்தைகளைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். நியூயார்க்கின் மாண்டிஃபியோர் மருத்துவமனையிலே ஜேம்ஸ் குட்ரிச் தலைமையில், பிலிப்பைன்ஸ் நாட்டு இரட்டையரை 2003 அக்டோபர் முதல் 2004 ஆகஸ்டு வரை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்கள். கட்டத்துக்குக் கட்டம் இடைவெளி விட்டு, இரத்தக் குழாய்கள் புதிய பாதை பழகக் காத்திருந்து பிரித்தார்கள். திட்டமிட மாதிரிகள் துணை நின்றன. கொரோனாக் கொடுமையிலே 2020இல் குட்ரிச் மறைந்தார். அவர் காட்டிய வழி மறையவில்லை. 2018 அக்டோபரிலிருந்து 2019 பிப்ரவரிக்குள், இலண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட்டிலே, பாகிஸ்தானிலிருந்து வந்த இரட்டைப் பெண் குழந்தைகளை, நூருல் ஓவைஸ் ஜீலானி, டேவிட் டனவே ஆகியோர் மூன்று அறுவைகளில், 50 மணிக்கு மேற்பட்ட உழைப்பில் பிரித்தார்கள். அச்செடுத்த மாதிரிகளும் இருந்தன. கணிப்பொறிக்குள்ளே புகுந்து பார்க்கும் மெய்நிகர்க் காட்சியும் இருந்தது.

இங்கே ஒரு சோகத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். வெற்றியை மட்டும் சொல்பவன் விளம்பரக்காரன். 2003 ஜூலையில் சிங்கப்பூரிலே, ஈரான் நாட்டுச் சகோதரிகள் லாதன், லாலே பிஜானி இருவரும், 29 வயதிலே, பிரிந்து வாழும் ஆசையோடு அறுவை மேசையில் படுத்தார்கள். பெரிய டாக்டர் படையே நின்றது. கணிப்பொறி தந்த முப்பரிமாணப் படங்கள் இருந்தன. இரண்டு நாட்களுக்கு மேல் போராடினார்கள். இரத்தப் பெருக்கு வென்றது. ஜூலை 8ஆம் நாள் இருவரும் மாண்டனர். உருவத்தைக் காட்டும் கருவி, உதிரத்தின் ஓட்டத்தை முழுக்கக் காட்டுவதில்லை. இந்தப் பாடத்தை மறந்தால் கருவியே கண்கட்டாகிவிடும்.

ஆம், குறைகள் உண்டு. அச்செடுத்த இதயத்துக்கு இரத்தம் இல்லை; துடிப்பு இல்லை. பிளாஸ்டிக்கின் இழுவை வேறு, சதையின் இழுவை வேறு. ஏடு ஏடாகப் பார்த்து எல்லை குறித்தவர் தவறாகக் குறித்தால், தவறே அழகான உருவமாக அச்சாகி வரும்; அழகாக இருப்பதால் நம்பவும் தோன்றும்! ஆகவே, படமெடுத்தவரும் எல்லை குறிப்பவரும் அறுப்பவரும் ஒன்றாக உட்கார்ந்து சரிபார்க்கவேண்டும். நெருக்கடியில், உடனே அறுத்தாகவேண்டிய நோயாளிக்கு 20 மணி நேரம் காத்திருந்து மாதிரி செய்வது மடமை. சாதாரணக் குடல்வால் அறுவைக்கு மாதிரி கேட்பது வீண். சிக்கல் எங்கே இருக்கிறதோ, அங்கே இது வேண்டும்.

"செலவு?" என்று கேட்பார்கள். எதற்கெடுத்தாலும் ஏழைக்கு வரும்போதுதான் செலவு நினைவுக்கு வரும்! இருந்தாலும் பதில் சொல்வோம். பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் முறையின் அடிப்படைக் காப்புரிமை 2009இல் காலாவதியாயிற்று. வேலி விழுந்தது, விலையும் விழுந்தது. பெருங்கம்பெனியின் கூடத்திலே இருந்த இயந்திரம் பள்ளிக்கூட மேசைக்கு வந்தது. 2014இல் அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனம், உடலுறுப்பு வடிவங்களை எவரும் இலவசமாகப் பெற்று அச்செடுக்கலாம் என்று பொதுக் களஞ்சியம் திறந்தது. இல்லினாய் மாநிலப் பியோரியா நகரின் மேத்யூ பிராம்லெட் என்ற குழந்தை இதய டாக்டர், குறையுள்ள இதயங்களின் வடிவங்களை அதிலே சேர்த்தார். அறிவு பூட்டின்றிக் கிடக்கிறது. அள்ளிக்கொள்ளக் கை வேண்டும்.

இயந்திரம் மலிவு, ஆனால் உட்கார்ந்து எல்லை குறிக்கும் மனிதனின் நேரம் மலிவல்ல. மெய். அந்த நேரத்துக்கு யார் பணம் தருவது? அமெரிக்காவிலேயே 2019 ஜூலையில்தான் இந்த மாதிரிகளுக்கென்று கணக்குக் குறியீடுகள் வந்தன. அப்போதும் தற்காலிகக் குறியீடுகளாகவே வந்தன. காப்பீட்டுக்காரர் கட்டாயம் பணம் தரவேண்டும் என்ற விதி அவற்றில் இல்லை. பணம் படைத்த நாட்டிலேயே, மாதிரியைச் சிகிச்சையின் பங்காக எண்ண இவ்வளவு தயக்கம்! இதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட்டால் என்ன ஆகும்? தனியறைக்காரருக்கு மாதிரியும் கிடைக்கும், பேராசிரியரும் கிடைப்பார். பொது வார்டுக்காரர் பழையபடி தாமே மாதிரியாகக் கிடப்பார்!

இதுதான் நான் சுட்டிக்காட்ட விரும்பும் ஆபத்து. கருவி வந்துவிட்டதாலேயே நீதி வந்துவிடாது. பழகும் கையின் கீழே யார் படுத்திருக்கிறார்களோ, அவர்களுக்கல்லவா பிளாஸ்டிக் இதயம் முதலில் தேவை? பெரிய டாக்டரின் பழுத்த கைக்கு மாதிரி உதவும். இளம் டாக்டரின் நடுங்கும் கைக்கு அது இன்றியமையாதது. அந்த நடுங்கும் கை இருக்கும் இடம் பொது மருத்துவமனை. எனவே மாதிரி இருக்கவேண்டிய இடமும் பொது மருத்துவமனையே.

நம் நாட்டு நிலைமைக்கும் இது பொருந்தும். மருத்துவக் கல்லூரிகளுக்கென்று 2020இல் வகுக்கப்பட்ட விதிகள், ஒவ்வொரு கல்லூரியிலும் திறன் பயிற்சிக் கூடம் வேண்டும் என்றன. நல்ல விதி. கூடம் என்று பலகை மாட்டி, கடையில் வாங்கிய ரப்பர்க் கையை மேசைமேல் வைத்துவிட்டால் விதி நிறைவேறியதாகுமா? அந்த மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளின் ஸ்கேனிலிருந்து, பெயரும் ஊரும் நீக்கி, அவர்கள் சம்மதத்தோடு வடிவம் எடுத்து, அச்செடுத்து, மாணவர் மேசையில் வைக்கட்டும். இன்று ஒரு நோயாளியைக் காப்பாற்றிய மாதிரி, நாளை நூறு மாணவர்க்குப் பாடமாகட்டும். பக்கத்திலே பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றனவே! லூயிவில்லில் டாக்டருக்குக் கைகொடுத்தவர்கள் பொறியியல் பள்ளிக்காரர்கள்தானே!

கேட்பது அதிகமில்லை, தோழர்களே. சிக்கலான அறுவை என்றால், மாதிரி செய்து பார்த்தீர்களா என்ற கேள்வி பழக்கமாகட்டும். பொது மருத்துவமனையிலே மாதிரியின் செலவு மருந்தின் செலவைப்போல, தையல் நூலின் செலவைப்போலக் கணக்கில் ஏறட்டும். முதன்முதல் கத்தி பிடிக்கும் இளைஞன், பிளாஸ்டிக்கிலே பத்து முறை தவறிவிட்டு வரட்டும். பதினொன்றாம் முறை தவறாத கையோடு மனிதனிடம் வரட்டும்.

கத்தி படத்தான் வேண்டும். படாமல் நோய் தீராது. ஆனால் அதன் முதற்பிழை படவேண்டிய இடம், நாதியற்றவன் நெஞ்சு அல்ல. நாம் கேட்பது அவ்வளவுதான். அதற்குக் குறைந்து எதையும் ஏற்பதற்கில்லை!